பழைய அயனிக் கதவை மேசையாக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறோம். கதவு, ஜன்னல் எல்லாம் அயனித் தடி (ஆஞ்சிலி மரம்). மேலே பலமுறை பெயிண்ட் அடித்திருக்கிறது. சட்டத்தில் சிறு ஓட்டைகளிலிருந்து தூள் கொட்டுகிறது. கதவைச் சாப்பாட்டு மேசையாக்க ஆசை. பூச்சி புது வீட்டுக்கும் வந்துவிடுமா?

பதில்: தாராளமாக ஆக்கலாம். அந்தத் தடியை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் தூளைப் பாருங்கள். மைதா போல நைசாக இருந்து, ஓட்டையும் 1–2 மி.மீ. அளவில் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் சிறு வண்டு. மண் ஒட்டியிருந்தால் கறையான். வண்டு தேடி வருவது ஓரத்திலுள்ள வெள்ளைத் தடியை. மாவுச்சத்து அதில்தான் இருக்கிறது. பழுப்பேறிய வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, அநேகமாகத் தொடாது. ஆகவே ஆசாரியிடம் சொல்லி வெள்ளையைச் சீவி எடுத்துவிடுங்கள், மேசைப் பலகைக்கு வைரம் மட்டும் போதும். மில்லுக்குக் கொண்டுபோகுமுன் காந்தத்தை ஓட்டிப் பார்த்து ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு ஆணி தப்பினாலும் இழைக்கும் பிளேடு போய்விடும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி வந்தது 2016-இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், குழந்தைகளுக்கு அது பெரிய கேடு. காற்றோட்டமான இடத்தில் தார்ப்பாய் விரித்து, கையுறை போட்டு, பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டுச் சுரண்டுங்கள். மிச்சத்தை 120 எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள். பெயிண்ட் ஒட்டிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கவே கூடாது.

அடுத்தது பூச்சி மருந்து. அது வெறும் மரத்தில்தான் இறங்கும். பெயிண்டோ எண்ணெயோ இருந்தால் மேலேயே நின்றுவிடும். 10 லிட்டர் வெந்நீரில் 240 கிராம் போரிக் ஆசிட், 360 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து, கால், சட்டம், பலகையின் அடிப்புறம் ஆகியவற்றில் மூன்று தடவை பூசுங்கள். ஓட்டைகளில் ஊசி போடும் சிரிஞ்சால் விடுங்கள். ஒரு வாரம் பாலித்தீன் சுற்றி வைத்தால் ஈரத்தோடு உள்ளே பரவும். பிறகு நிழலில் நன்றாக உலர வேண்டும். சாப்பாடு வைக்கும் மேல்பரப்பில் இதைப் பூச வேண்டாம். மழை நனையும் இடத்திலும் பயனில்லை, கழுவிப் போய்விடும். முடித்ததும் கீழே கறுப்புக் காகிதம் விரித்து சில மாதம் கவனியுங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது.

மெருகுக்கு, வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தேய்க்காதீர்கள். அது காயாது, நாளாகக் காறும். டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலும் (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் சமமாகக் கலந்து முதல் பூச்சு. 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விட்டால் பிசுபிசுக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மெல்லிசாக இன்னும் இரண்டு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காய விடுங்கள். நம் ஊரில் இடவப்பாதி (ஜூன் வாக்கில் தொடங்கும் மழை), துலா மழை (அக்டோபர், நவம்பர்) இரண்டிலும் எண்ணெய் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்குத் தோதான காலம்.

இணைக்கப் பித்தளைத் திருகாணி நல்லது, இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுக்கச் செய்யும். ஆனால் பித்தளை மென்மையானது, வைரத்தில் நேரே முடுக்கினால் தலை முறிந்துவிடும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி வழி பண்ணியபின் பித்தளையைப் போடுங்கள்.