சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறைகிறது என்கிறார்களே, மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது?

இதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்: தம் அடித்தால்தான் வேலையில் மனம் நிற்கிறது என்று உங்கள் தம்பி சொல்வது உண்மையா, விட்டுவிட்டால் மூளை பழையபடி ஆகிவிடுமா என்று. நான் மருத்துவன் இல்லை. பல வருடம் புகைத்துவிட்டு, விட்டும் சில வருடம் ஆனவன். விடும்போது எனக்குள் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் என்னவென்று தேடிப் படித்ததால் கொஞ்சம் விஷயம் தெரியும், அவ்வளவுதான்.

டென்ஷன் குறைவது நிஜம். ஆனால் குறைகிற அந்த டென்ஷன் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

புகையை உள்ளே இழுத்ததும் நிகோடின் நுரையீரலில் ரத்தத்தோடு கலந்து, இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக மூளைக்குப் போகிறது. இதற்கு 10 முதல் 20 விநாடி ஆகும். மூளையில் அசிட்டைல்கோலின் என்று உடம்பே சுரக்கும் ஒரு வேதிப்பொருளுக்கென்று ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், இருக்கின்றன, அந்த இடத்தில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் விளைவாக டோபமைன் வெளியாகிறது. டோபமைன் என்றதும் வெறும் இன்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது செய்தது முக்கியமானது, மறக்காதே, மறுபடியும் செய் என்று மூளைக்குள் அழுத்திக் குறித்துவைப்பதும் அதன் வேலைதான். செய்த காரியத்துக்கும் கிடைத்த பலனுக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு அந்தக் குறிப்பு ஆழமாகப் பதியும். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்சுக்கு யாரும் பெரிதாக அடிமையாவதில்லை, சிகரெட்டுக்கு ஆகிறார்கள் என்றால் அதற்கு இந்த விநாடிக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

நிகோடின் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால் அந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. சரி, இருப்பவை சரியாக வேலை செய்யவில்லை என்று மூளை எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். இப்போது நிலைமை என்ன? உடம்பில் நிகோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குறையக் குறைய, இத்தனை ஏற்பிகளும் காலியாகி, மரப்பு நீங்கி, எதையோ எதிர்பார்க்க ஆரம்பிக்கும். வெளியே அது எரிச்சலாக, நிலைகொள்ளாமையாக, யார் பேசினாலும் சுருக்கென்று பதில் சொல்லும் குணமாகத் தெரியும். உங்களுக்கு அது ‘டென்ஷன்’. பற்றவைக்கிறீர்கள், அடங்குகிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை ஒரே ஆள் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்.

2006-இல் வெளிவந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், ஓரிரு இழுப்பிலேயே இந்த வகை ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுவதும், ஒரு சிகரெட்டை முழுதாகப் பிடித்தால் பெரும்பாலானவை நிரம்பிவிடுவதும் தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் நிரம்பிவிடும்போது அடுத்தடுத்த சிகரெட் எதற்கு என்று தோன்றும். ஒரு பகுதி, காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு. மிச்சம் பழக்கம், அதற்குப் பிறகு வருகிறேன். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார் என்பதை வைத்து அடிமைத்தனத்தை அளக்கிறார்களே, அதன் தர்க்கமும் இதுதான்: ராத்திரி முழுக்க ஏற்பிகள் காலியாகிக் கிடந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். தம்பியிடம் வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

டென்ஷனுக்குத்தான் புகைக்கிறேன் என்பவர்களுக்கு இன்னொரு தகவல். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அலசல் வந்தது. புகையை விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றுமே, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்களிடமும் அப்படித்தான். டென்ஷனுக்கு மருந்தாக இருந்திருந்தால் விட்டபின் அது ஏறியல்லவா இருக்க வேண்டும்?

கவனம் பற்றித் தம்பி சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். புகைப் பழக்கமே இல்லாதவர்களுக்கு நிகோடின் மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில்கூட கவனத்தில் சின்ன முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. சின்ன என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். தினமும் புகைப்பவருக்குக் கிடைக்கிற பெரிய வித்தியாசம், சிகரெட் இல்லாத கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் சரிந்த கவனம் மறுபடி பழைய இடத்துக்கு வருவதுதான். அவர் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது, நிகோடின் வற்றிப்போய் உட்கார்ந்திருந்த தன்னோடு. புகைக்காத தன்னை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும்.

இனி பழக்கம். என்னைக் கேட்டால் நிகோடினைவிடப் பெரிய தலைவலி இதுதான். ஒரு நாளைக்கு 20 சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால் 200 இழுப்பு. வருடத்துக்கு 73,000. ஒவ்வொரு முறையும் கை, உதடு, மூச்சு, தொண்டையில் அந்தக் கரகரப்பு, அதைத் தொடர்ந்து விநாடிகளில் டோபமைன். சாப்பிட்டு முடித்ததும், போனில் பேசத் தொடங்கியதும், வேலையில் எங்காவது சிக்கிக்கொண்டதும் என்று சூழலும் அதோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது. நிகோடின் எடுக்கப்பட்ட சிகரெட்டைக் கொடுத்தாலே கொஞ்ச நேரத்துக்கு ஆசை அடங்குவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நான் விட்ட பிறகும் ரொம்ப நாள், கஷ்டமான ஒரு போன் பேச்சு முடிந்த அடுத்த நொடி கை தானாகச் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கும். எனக்கு அப்போது ஆசைகூட இருக்காது. கைக்கு மட்டும் இருந்தது.

இந்த ஆசை மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு 2007-இல் ஒரு வியப்பான தடயம் கிடைத்தது. மூளைக்குள் மடிந்து கிடக்கும் இன்சுலா என்ற பகுதி பக்கவாதம் போன்றவற்றால் சேதமானவர்களில் சிலர், எந்தப் பாடும் படாமல், சட்டென்று புகையை விட்டிருந்தார்கள். திரும்பவும் வேண்டும் என்று தோன்றவே இல்லையாம். உடம்பின் உள் உணர்ச்சிகளை, அதாவது பசி, மூச்சு, படபடப்பு இதையெல்லாம் நமக்கு உணர்த்தும் பகுதி அது. சிகரெட் ஆசையும் மனதில் தோன்றும் ஒரு எண்ணமாக மட்டும் இல்லாமல் நெஞ்சிலும் தொண்டையிலும் உணர்கிற ஒன்றாக ஏன் இருக்கிறது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

புகையில் நிகோடின் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டோபமைனை உடைத்துச் சுத்தம் செய்யும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற என்சைமில் ஒரு வகை, புகைப்பவர்களின் மூளையில் சுமார் 40 சதவீதம் குறைவாக இருப்பதை 1996-இல் கண்டுபிடித்தார்கள். இதைச் செய்வது நிகோடின் அல்ல, புகையில் உள்ள வேறு பொருட்கள். ஒரு பக்கம் டோபமைனை வரவைத்துவிட்டு, மறுபக்கம் அது வடிந்துபோகும் வழியையும் பாதி அடைத்துவிட்டால் எப்படி இருக்கும்!

மூளை பழையபடி ஆகுமா? ஏற்பிகளைப் பொறுத்தவரை ஆகும். கூடிப்போன எண்ணிக்கை சுமார் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எரிச்சல், தூக்கக் கெடுதி, கவனச் சிதறல் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். பசி இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். பழக்கத்தின் பதிவு மட்டும் அழியாது, மேலே புதுப் பதிவுகள் விழுந்து மங்கும். அதனால்தான் மாதக்கணக்கில் தொடாமல் இருந்தவர் ‘ஒன்றே ஒன்று’ என்று எடுத்து, வாரக் கடைசியில் பழைய கணக்குக்கே வந்து நிற்கிறார். தம்பி இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தால் கூடுதல் கவலை உண்டு. அவசரத்தை அடக்கி யோசிக்கும் மூளையின் முன்பகுதி 25 வயதுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது, அது உருவாகும்போதே நிகோடினோடு சேர்ந்து உருவாகிறது.

காபி விஷயத்தை யாரும் சொல்வதில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. புகையில் உள்ள தாரின் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு என்சைமை முடுக்கிவிடுகின்றன, காஃபினை உடைப்பதும் அதே என்சைம்தான். அதனால் புகைப்பவர் உடம்பில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும். விட்ட சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடும். நீங்கள் வழக்கம்போல அதே அளவு காபியைக் குடிப்பீர்கள், ரத்தத்தில் காஃபின் மட்டும் ஏறிக்கொண்டே போகும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இதையெல்லாம் ‘சிகரெட் இல்லாததால்தான்’ என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பவர்கள் எத்தனை பேரோ. காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். நிகோடின் கம், பேட்ச் எடுத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அந்த என்சைமை முடுக்குவது நிகோடின் இல்லை. குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு இதே காரணத்தால் மருந்தின் அளவே ரத்தத்தில் கூடிவிடும், ஆகவே அவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தம்பி விடத் தயார் என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வரெனிக்லின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, அதே ஏற்பிகளில் உட்கார்ந்து கொஞ்சமாகத் தூண்டிவிட்டு, நிகோடினுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் உதவி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிகோடின் கம் என்றால் அதை மெல்லும் விதம் முக்கியம்: சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். காபியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குப் போடக் கூடாது, வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மென்று தள்ளிவிட்டு, விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம் என்று இரண்டாம் நாளே கம்மைத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.