218 எபிசோடுகளில் எங்கே நிறுத்துவது?

கேள்வி: கேபிள் இணைப்பு வந்த புதிதில் அண்ணனும் நானும் விளக்கை அணைத்துவிட்டு 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரைப் பார்ப்போம். அதில் விசித்திர வழக்குகளை விசாரிக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரியான டாக்டர் டேனா ஸ்கல்லியைப் பார்த்துத்தான் நான் நுண்ணுயிரியல் படித்தேன். இன்று மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2016இலும் 2018இலும் அந்தத் தொடர் திரும்பி வந்தபோது ஆசையோடு பார்த்தேன். கடைசி எபிசோடு முடிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதன்பிறகு பழைய எபிசோடுகளைத் தொடக்கூட மனம் வரவில்லை. இப்போது என் 15 வயது மகள் முதலிலிருந்து சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள். அண்ணனோ, "கடைசியில் இப்படித்தான் முடியும் என்று தெரிந்தும் பிள்ளையை ஏன் அதில் இழுத்துவிடுகிறாய்?" என்று கேட்கிறார். புதிதாக இன்னொரு எக்ஸ்-ஃபைல்ஸ் வேறு வரப்போகிறதாம். நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஆனால் எதுவரை பார்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வருத்தம் சிறுபிள்ளைத்தனமானதென்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதே கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு நானும் நெடுநேரம் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவன்தான்.

வலி எங்கே என்பதை முதலில் சரியாகச் சுட்டிக்கொள்வோம் (2018ஆம் ஆண்டு சீசனை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்).

ஸ்கல்லி பெற்ற மகன் வில்லியமைப் பாதுகாப்புக் கருதி ஒன்பதாவது சீசனில் தத்துக் கொடுத்தார். திரும்பி வந்த இரு சீசன்களிலும் அந்தத் தாயின் ஏக்கத்தைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம். 2018இன் முதல் எபிசோடு என்ன செய்தது? ஸ்கல்லியின் சம்மதமோ அறிவோ இல்லாமல், அறிவியலைப் பயன்படுத்தி அவரைக் கருவுறச் செய்தவர் தொடரின் முக்கிய வில்லனான 'சிகரெட் புகைக்கும் மனிதர்'தான் என்று சொன்னது. கடைசி எபிசோடு அதற்கும் ஒரு படி மேலே போய், அந்தப் பிள்ளை ஒரு பரிசோதனை மட்டுமே, தான் அவனுக்கு ஒருபோதும் தாயாக இருந்ததில்லை என்று ஸ்கல்லியின் வாயாலேயே சொல்லவைத்தது. பல ஆண்டுகளாக ஒரு பாத்திரம் சுமந்த துயரத்தை ஒரே உரையாடலில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்த எழுத்து அது. கதையின் போக்குப் பிடிக்காமல் போவது வேறு. ஒரு பெண்ணின் உடலுக்கு நேர்ந்த வன்முறையைத் திருப்பமாக மட்டும் பயன்படுத்திவிட்டு, அதன் பாரத்தை அவர் முகத்தில் காட்டக்கூட நேரம் ஒதுக்காதது வேறு. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

இதற்கான வேர் பழையது. 1993 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் தொடரில், வாரம் ஒரு விசித்திர வழக்காக முடியும் தனிக்கதைகளும், வேற்றுக்கிரகவாசிகள், அரசாங்கச் சதி என்று நீளும் பெருங்கதையும் பின்னிப்பிணைந்து வந்தன. தனிக்கதைக்கு ஒவ்வொரு வாரமும் முடிவு உண்டு. பெருங்கதைக்கோ, நன்றாக ஓடும் தொடரை யாரும் நிறுத்த விரும்பாததால், முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது; ஒரு மர்மத்துக்குக் கிடைத்த விடையை மறைக்க இன்னொரு மர்மம் தேவைப்பட்டது. 2016இல் ஆறே எபிசோடுகளோடு திரும்பி வந்தபோது, தொடரை உருவாக்கிய கிரிஸ் கார்ட்டர் முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் அந்தப் பெருங்கதைக்கே கொடுத்தார். உலகமே அழியும் கட்டத்தில் அந்த சீசனை நிறுத்தினார்; இரண்டு ஆண்டுகள் காத்திருந்த நம்மிடம், அதெல்லாம் ஸ்கல்லி கண்ட காட்சி என்று அடுத்த சீசனின் தொடக்கத்தில் சொன்னார். தான் எழுதியதையே அழித்து எழுதும் பழக்கம் வந்துவிட்ட கதை, வில்லியமின் பிறப்பையும் அழித்து எழுதியதில் வியப்பில்லை.

ஆனால் மறுவருகை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கியெறிய என்னால் முடியவில்லை, சகோதரி. 2016 சீசனின் மூன்றாவது எபிசோடு உங்களுக்கு நினைவிருக்கும். டேரின் மோர்கன் எழுதி இயக்கியது அது. வழக்கமாக மனிதனை ஓநாய் கடித்து மனிதன் ஓநாயாவான். இங்கே ஒரு பல்லி உயிரினத்தை மனிதன் கடித்துவிட, அது பகலில் மனிதனாக மாறித் தவிக்கிறது. விழித்த உடனே வேலை தேட வேண்டும் என்ற பதற்றம் அதைப் பிடித்துக்கொள்கிறது, செல்பேசிக் கடையில் வேலைக்குச் சேர்கிறது, ஓய்வுக்காலச் சேமிப்பை எண்ணிக் கவலைப்படுகிறது. அதை விசாரிக்க வரும், ஸ்கல்லியின் சக அதிகாரியான மல்டரோ, தான் இளமையைக் கொடுத்துத் துரத்திய மர்மங்களில் பலவும் வெறும் புரட்டு என்று தெரிந்து சோர்ந்துபோன நடுவயதுக்காரர். அவர் அமர்ந்து பேசும் இடுகாட்டில், தொடரின் 50க்கும் மேற்பட்ட எபிசோடுகளை இயக்கி 2009இல் மறைந்த கிம் மேனர்ஸின் பெயர் ஒரு கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மல்டருக்கும் வயதாகிவிட்டது, எழுதியவருக்கும் வயதாகிவிட்டது, பார்க்கும் நமக்கும் வயதாகிவிட்டது என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்ட எபிசோடு அது. அதனால்தான் இறுதியில் மல்டரின் கண்ணெதிரே அந்த உயிரினம் உருமாறும்போது அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

திரும்பி வரும் எந்தத் தொடரிடமும் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்த ஒப்புதலைத்தான். ஏறத்தாழ அதே காலத்தில் திரும்பி வந்த 'ட்வின் பீக்ஸ்' இதை எவ்வளவு துணிவாகச் செய்தது என்று பாருங்கள். 1991இல் நின்ற தொடர் அது. 25 ஆண்டுகள் கழித்துச் சந்திப்போம் என்று, அதில் கொலையுண்ட பெண்ணான லாரா பாமர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 2017இல் அத்தனை பகுதிகளையும் டேவிட் லிஞ்சே இயக்கி வெளியிட்டபோது, ரசிகர்கள் ஏங்கிக் காத்திருந்த, அந்தக் கொலையை விசாரித்த பழைய கூப்பரைப் பதினாறாவது பகுதி வரை அவர் தரவேயில்லை. மொத்தமே 18 பகுதிகள்தான். எனக்கும் இடையிடையே பொறுமை போனதுண்டு. ஆனால் மரக்கட்டையைக் கையில் ஏந்திவரும் பெண்ணாக நடித்த கேத்தரின் கோல்சன், நோய் முற்றிய நிலையில் தம் காட்சிகளை முடித்துக்கொடுத்து 2015 செப்டம்பரில் மறைந்தார். அந்தப் பாத்திரம் தொலைபேசியில் விடைபெறும் காட்சியில் உண்மையான மரணம் ஒன்று திரைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. பழைய இன்பத்தை அப்படியே திருப்பித் தர முயன்றிருந்தால் அந்தக் காட்சிக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

இனி உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 1993 முதல் 2002 வரை 202 எபிசோடுகள், மறுவருகையில் 16, ஆக 218. உங்கள் மகளுக்கு இத்தனையும் தேவையில்லை. முதல் ஐந்து சீசன்களின் 117 எபிசோடுகளைப் பார்த்துவிட்டு, 1998இல் வந்த முதல் திரைப்படத்தோடு நிறுத்துங்கள். அந்தப் படத்தின் இறுதிக்கட்டத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லும் மல்டரிடம் ஸ்கல்லி மறுத்து, அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு முடிவுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நான்காவது சீசனின் இரண்டாவது எபிசோடான 'ஹோம்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். எச்சரிக்கை அறிவிப்போடு ஒளிபரப்பான அளவுக்குக் கொடூரமானது. 2008இல் வந்த இரண்டாவது படத்தைப் பலரும் ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவராகப் பணியாற்றும் ஸ்கல்லியைக் காட்டும் அந்தச் சிறிய, பனிமூடிய கதை எனக்குப் பிடிக்கும்; மகள் வளர்ந்தபின் பார்க்கட்டும்.

தொடங்கியபின் முதல் சீசனின் 13ஆவது எபிசோடு வரை பொறுத்திருங்கள். 'பியாண்ட் த ஸீ' என்ற அந்த எபிசோடில் ஸ்கல்லியின் தந்தை இறந்துபோகிறார். அறிவியலை மட்டுமே நம்பும் மகள், இறந்தவரின் செய்தி தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் மரண தண்டனைக் கைதி ஒருவனை நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் தத்தளிக்கிறார். ஸ்கல்லியாக வரும் ஜில்லியன் ஆண்டர்சனின் நடிப்பு எத்தகையது என்பது அன்று உங்கள் மகளுக்குப் புரியும். நீங்கள் ஏன் ஆய்வகத்துக்குப் போனீர்கள் என்பதும் புரியலாம். ஸ்கல்லியைப் பார்த்து அறிவியல் துறைகளுக்கு வந்த பெண்களைப் பற்றி, திரையில் பெண்கள் காட்டப்படும் விதத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனம் 2018இல் ஆய்வே வெளியிட்டிருக்கிறது. கடைசி எபிசோடு வெளியான அதே ஆண்டு அது. நுண்ணோக்கியின் முன் நீங்கள் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பழைய ஸ்கல்லி தந்தது. 2018இன் எழுத்துக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

புதிய தொடரைப் பற்றி: 'பிளாக் பேன்தர்', 'சின்னர்ஸ்' படங்களை இயக்கிய ரையன் கூக்ளர் அதை உருவாக்கி வருகிறார். 1969இல் நின்றுபோன 'ஸ்டார் ட்ரெக்' 1987இல் தொலைக்காட்சிக்குப் புதிய கப்பலோடும் புதிய மனிதர்களோடும் திரும்பி வந்து ஏழு சீசன்கள் தழைத்தது. அதைப்போல் இதுவும் புதியவர்களின் கதையாக வந்தால், முதல் மூன்று எபிசோடுகளை நான் திறந்த மனத்தோடு பார்ப்பேன். வில்லியமைப் பற்றி மறுபடியும் பேச்செடுத்தால் அன்றே நிறுத்திவிடுவேன்.

அண்ணனோடு இப்போது வாதாட வேண்டாம். மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடு, ஒவ்வொருவரும் எப்படி இறப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த காப்பீட்டு முகவர் கிளைட் பிரக்மனைப் பற்றியது. இதுவும் டேரின் மோர்கன் எழுதியதுதான், எம்மி விருது பெற்றது. வாரம் இரண்டு வீதம் பார்த்தால் அந்த இடத்துக்கு வந்துசேர உங்களுக்கு ஆறு மாதம் பிடிக்கும். அன்று மட்டும் அவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிடுங்கள்.