ஆரஞ்சு எச்சரிக்கை: நம்ம பக்கம் எங்கே கவனம் வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடுத்த இரண்டு நாள் இடி மின்னலோடு கனமழை என்று அறிவிப்பு வந்ததும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கண்மாய் (ஏரி) வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து: அண்ணே, ஆரஞ்சுன்னா வீட்டைக் காலி பண்ணணுமா?

வேண்டாம்மா. 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம், தயாராக இருங்கள் என்று அர்த்தம். இடிமழை ஓரூரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறலோடு போகும். ஆனால் காவிரி மாதிரி பெரிய ஆறு இல்லையே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. பெய்தாலே நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். மேல்கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வழியாகக் கீழ்கண்மாய்க்கு வரும். நடுவில் தண்ணீர் வரும் வாய்க்காலான வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், அதன்மேல் வீடு எழும்பியிருந்தால், தண்ணீர் தெருவுக்குள்தான் ஏறும். மழை எத்தனை செ.மீ. என்பதோடு உங்கள் கண்மாயில் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்பதையும் விசாரியுங்கள்.

தேவகோட்டைப் பக்கம்: கண்மாய் முக்கால்வாசி பெருகிருச்சு. கலுங்கில் மணல் மூட்டை அடுக்கி இன்னும் தேக்கலாம்கிறாங்க.

கூடவே கூடாது! கோடையை நினைத்து ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மண்கரையைக் காப்பாற்றுவதே அந்தக் கலுங்குதான். அதை அடைத்தால் தண்ணீர் கரைமேல் வழியும்; வழிந்த இடத்தில் மண் அரித்து உடைப்பெடுக்கும். கரையின் வெளிப்பக்க அடியையும் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் கண் வைத்திருங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. உடனே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லிவிட்டுக் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். ராத்திரியானாலும் எழுப்புங்கள்.

சென்னையிலிருந்து: கானாடுகாத்தான் வீடு பூட்டியே கிடக்கு. என்ன பண்ணலாம்?

சாவி வைத்திருப்பவரை இன்றே அனுப்பி முற்றத்துச் சலதாரையை (தண்ணீர் வெளியேறும் வடிகால்) பார்க்கச் சொல்லுங்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழுகிறது. சலதாரை வாயைச் சருகு அடைத்தால் போக வழியில்லாமல் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்கு ஏறிவிடும். தேக்குக் கதவு, நிலைகள் ஊறிய பிறகு வருந்திப் பயனில்லை. மழை தொடங்கும் முன்பே மெயின் சுவிட்சையும் அணைக்கச் சொல்லுங்கள்.

புதுவயல்: இடி இடிச்சா வயலில் எங்கே ஒதுங்குறது?

மரத்தடி வேண்டாம், ஆடுகளோடு நிற்கவும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, காங்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வராதீர்கள்.

இன்னொரு தம்பி: தரைப்பாலத்தில் முழங்காலளவுதான் தண்ணி ஓடுது, பைக்கில் போயிரலாமா?

வேண்டாம் தம்பி. ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்ன காரை நகர்த்திவிடும். பாலம் அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. சுற்றுவழியில் போங்கள், இல்லையென்றால் இந்தக் கரையிலேயே ஒரு வீட்டில் தங்கிவிடுங்கள்.