சாலைக்கு அந்தப் பக்கம் போனால் லைசென்ஸ் செல்லாதா?

கேள்வி: நான் அமெரிக்காவில், மிசோரி, கன்சாஸ் என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கும் கன்சாஸ் சிட்டியில், மிசோரி பக்கத்தில் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கராக இருக்கிறேன். ரொம்ப நாளாக என்னிடம் கவுன்சலிங் வரும் ஒருவர் கன்சாஸ் பக்கம் வீடு மாறிவிட்டார். வீடியோவில் தொடரலாமா? மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறாள் தோழி. – ஒரு வாசகி, மிசோரி

பதில்: தோழி சொல்வது பாதிதான் சரி. ஒரே லைசென்ஸை வைத்துக்கொண்டு, சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் சோஷியல் வொர்க்கர்கள் வேலை செய்ய வழிசெய்யும் அந்த ஒப்பந்தத்தில் முதலில் சேர்ந்ததே உங்கள் மிசோரிதான், 2023-ல். ஏழு மாநிலங்கள் சேர்ந்தால்தான் அமலுக்கு வரும் என்று விதி, 2024 ஏப்ரலில் ஏழாவதாக வந்து கணக்கை முடித்தது யார் தெரியுமா, அதே கன்சாஸ்தான்! ஆனால் சட்டம் அமலுக்கு வந்தது வேறு, பல மாநில லைசென்ஸ் உங்கள் கைக்கு வருவது வேறு. அது தானாக வராது. நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் லைசென்ஸ் தரும் போர்டில் விண்ணப்பிக்க வேண்டும், இப்போதுள்ள லைசென்ஸ் மேல் எந்தக் கட்டுப்பாடும் இருக்கக்கூடாது, எஃப்.பி.ஐ. கைரேகைச் சோதனை உண்டு, உங்கள் கிளினிக்கல் பிரிவுக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் பட்டம்), தேசியத் தேர்வு, அப்புறம் படிப்பு முடித்தபின் மேற்பார்வையில் 3,000 மணி நேரமோ இரண்டு வருட முழுநேர வேலையோ காட்ட வேண்டும். (நர்ஸ்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு 2000-லிருந்தே இருக்கிறது. நம் ஆட்களுக்கு இவ்வளவு தாமதம் ஏனென்று எனக்கும் எரிச்சல்தான்.)

அது கிடைத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பது கணக்கே இல்லை, அந்த நேரத்தில் க்ளையன்ட் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. அவர் கன்சாஸில் இருந்தால் கன்சாஸ் சட்டம்தான். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாருக்கு, எப்போது தகவல் தரவேண்டும் என்பது உட்பட. தப்பு நடந்தால் அங்குள்ள போர்டும் உங்களைக் கேள்வி கேட்கும். ஒப்பந்தத்தில் சேராத மாநிலத்துக்கு அவர் போய்விட்டால் இந்த லைசென்ஸ் அங்கே செல்லாது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அதுவரை வீடியோ வேண்டாம், பழகிய ஆள்தானே என்று சும்மா ஒரு தடவைகூட வேண்டாம். கன்சாஸ் லைசென்ஸைத் தனியாக எடுக்கலாம், இல்லையென்றால் அங்கே லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் அவரை முறையாக ஒப்படைக்கலாம். இரண்டும் இப்போதைக்கு முடியாது என்றால் அவரையே காரை எடுத்துக்கொண்டு மிசோரி பக்கம் உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், அதற்கு இப்போது உங்களிடம் இருக்கும் லைசென்ஸே போதும்.