‘வலி இல்லை’ என்று நோயாளி சொன்னால்: செவிலியர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பிராக்டிகல் நர்ஸாக, அதாவது பதிவு பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் வேலை செய்யும் செவிலியராக, பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த மூதாட்டி ஒருவர், எப்போது கேட்டாலும் மகள் வாயிலாக ‘வலி இல்லை’ என்றே சொல்லிவந்தார். ஆனால் காலையில் 88 ஆக இருந்த நாடித்துடிப்பு மாலையில் 112 ஆகிவிட்டது. உடன் பணியாற்றும் மூத்தவர், ‘அவர்கள் வழக்கம் அப்படி, வலியைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், சொன்னதை எழுதிவிடு’ என்றார். எழுதிவிட்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: வலியைப் பொறுத்துக்கொள்வதையே கண்ணியமாகக் கருதுபவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள், அந்த மூதாட்டியும் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம். அப்படியானால், ‘வலி இல்லை’ என்ற பதிலை இன்னும் கவனமாகச் சோதித்திருக்க வேண்டும். உங்கள் மூத்தவரோ வழக்கத்தைக் காரணம் காட்டி, பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிட்டார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் நாடி ஏறுவதற்கு வலி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே ரத்தக்கசிவு, தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நுரையீரலில் ரத்தக்கட்டி ஆகிய எதுவும் அப்படித்தான் தொடங்கக்கூடும். ஆகவே ரத்த அழுத்தம், மூச்சின் வேகம், உடல் வெப்பம், சிறுநீரின் அளவு, காயக்கட்டின் ஈரம் ஆகியவற்றை உடனே பார்த்திருக்க வேண்டும். ‘வலிக்கிறதா?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘ஒருமுறை இருமிக் காட்டுங்கள்’ என்று கேட்டுப்பாருங்கள். கை தானாக வயிற்றை அழுத்திப் பிடிக்கிறதா, முழங்கால் மடங்குகிறதா, இருமலே பாதியில் நின்றுவிடுகிறதா என்பதைக் கவனியுங்கள். வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ்ந்து மூச்சு விடாமலும் கிடப்பவருக்கு நுரையீரலில் சளி தங்கி நிமோனியா வர வாய்ப்பு அதிகம். இதை எடுத்துச் சொன்னால், வலி மாத்திரை வாங்குவதைப் பலவீனமாக நினைப்பவர்களும், எழுந்து நடப்பதற்கு அது உதவும் என்பதற்காக ஏற்றுக்கொள்வதுண்டு.

மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் தாய் எல்லாவற்றையும் சொல்வதில்லை. தாய் சொன்ன எல்லாவற்றையும் பிள்ளைகளும் நம்மிடம் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை, தொலைபேசி வழியாகவேனும், அழைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோயைக் கண்டறிந்து முடிவு சொல்வது உங்கள் பொறுப்பன்று. கண்டதைத் தாமதமின்றிப் பதிவு பெற்ற செவிலியரிடம் சொல்வது உங்கள் பொறுப்பு. ‘நாடி 88-இலிருந்து 112, வலி இல்லை என்கிறார், இருமச் சொன்னால் மறுக்கிறார்’ என்று நோயாளி சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனியாகச் சார்ட்டில் எழுதுங்கள். அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வான என்க்ளெக்ஸ்-பிஎன், 2023 ஏப்ரல் முதல் இந்தத் திறனையே நேரடியாகச் சோதிக்கிறது. அறிகுறியைக் கவனித்தல், அதன் பொருளை ஆராய்தல், எது அவசரம் என வரிசைப்படுத்துதல், வழிகளை யோசித்தல், செயல்படுதல், பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்த்தல் என்று அதில் ஆறு படிகள். நீங்கள் முதல் படியைச் சரியாக ஏறிவிட்டீர்கள். இரண்டாவதில்தான் உங்களைத் தடுத்துவிட்டார்கள்.

கேள்வி: கருநிறத் தோல் உடையவர்களுக்குப் படுக்கைப்புண் தொடங்குவது என் கண்ணில் படுவதே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாடப்புத்தகங்கள் சொல்லும் ‘அழுத்தினாலும் மறையாத சிவப்பு’ வெளிர்நிறத் தோலுக்கே எளிதில் பொருந்தும். கருநிறத் தோலில் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ ஊதா சாயலோடோ தெரியலாம்; நிறமே மாறாமலும் இருக்கலாம். அங்கே உங்கள் விரல்தான் துணை. வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களை அருகிலுள்ள தோலோடு ஒப்பிட்டு, சூடோ குளிர்ச்சியோ தெரிகிறதா, இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விஷயத்திலும் கவனம் தேவை. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய வேளைகளில், தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கருப்பினத்தவரிடம் 11.7 சதவீதமாகவும் வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் இருந்தது. கருவியின் எண் நன்றாக இருந்து நோயாளிக்கு மூச்சு வாங்கினால், நோயாளியையே நம்புங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சமயத்தவரின் வழக்கங்களையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. ஆனால் பட்டியலை நம்பி ஒருவரை அணுகினால், எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலுக்கே சேவை செய்வோம். உதாரணமாக, இன்சுலின் போடுபவர் நோன்பு இருக்கப்போவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, தண்ணீர் உண்டா, மாத்திரை விழுங்கலாமா, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதை நோன்பு முறிவதாகக் கருதுகிறாரா என்று அவரிடமே கேளுங்கள். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டென்று நீங்கள் எங்கோ படித்திருக்கலாம்; அதை அவருக்குப் போதிப்பது நம் வேலையன்று. அவர் விரும்பினால், அவருடைய சமயப் பெரியவரோடு பேச ஏற்பாடு செய்யலாம். கேட்டறிந்த விவரங்களை, அடுத்த இன்சுலின் ஊசியில் ஏறுவதற்கு முன்பே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய அவர் சம்மதிக்கிறார் என்பதையும், அவர் தெளிவாக இருக்கும் இப்போதே கேட்டுப் பதிவு செய்துவையுங்கள்.