ஓவன் இல்லாத வீட்டில் ஒரு கேக்

கேள்வி: "9 வயது மகள் வீட்டிலேயே கேக் செய்யணும் என்று ஒரே அடம். எங்களிடம் ஓவன் கிடையாது. மாமியாரோ 'மாவும் முட்டையும் வீண், படிக்கிற நேரமும் வீண்' என்கிறார். இதில் பிள்ளைக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?"
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

நிறையக் கிடைக்கும், சகோதரி. ஆனால் அளப்பதும் கலக்குவதும் அவள் கையில் இருக்கணும். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு அவளை வேடிக்கை பார்க்கவைத்தால் மாமியார் சொன்னதுதான் நடக்கும்.

ஓவனை விடுங்கள். பழைய அலுமினிய குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, தண்ணீர் ஊற்றாமல் 10 நிமிடம் சூடாக்கினால் போதும் (தினமும் சோறு வைக்கிற குக்கர் வேண்டாம், தண்ணீரில்லாமல் காய்ந்தால் கெட்டுவிடும்).

மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். "நமக்குப் பாதி போதும், நீயே கணக்குப் போடு" என்று சொல்லிவிடுங்கள். 125 கிராம் என்று சட்டென்று சொல்லிவிடுவாள், இரண்டரை முட்டையில்தான் திகைத்து நிற்பாள். நிற்கட்டும், வாயைத் திறக்காதீர்கள். என் மகன் அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்றான், அப்புறம் ஒரு முட்டையைத் தனியாக அடித்து, ஸ்பூன் ஸ்பூனாக இரண்டு கிண்ணத்தில் பிரித்தான். பள்ளியில் வராத பின்னம் அன்றைக்கு அவனுக்கு வந்தது, மிச்சம் ஆம்லெட் ஆனது.

மாவு ஏன் உப்புகிறது என்று கேட்பாள். புளித்த தயிரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டு நுரைப்பதைக் காட்டுங்கள், கோலி சோடாவில் இருக்கும் அதே வாயுதான். இட்லி மாவு பொங்குவதையும் மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாததா!

சிறு தீயில் 40, 45 நிமிடம் ஆகும். அரை மணி நேரத்துக்கு முன் மூடியைத் திறந்தால் நடுவில் இன்னும் வேகாத மாவு அமுங்கிப் பள்ளமாகிவிடும். ஒரு தடவை சொல்லுங்கள், மீறித் திறந்தால் திட்டாதீர்கள். பள்ளம் விழுந்த கேக்கும் ருசியாகத்தான் இருக்கும், அடுத்த முறை அவளே கடிகாரத்தைப் பார்ப்பாள். பச்சை மாவை மட்டும் நக்க விடாதீர்கள். சூடான குக்கரை இறக்குவது உங்கள் வேலை.