கயிறு மாறாத குதிரை

வணக்கம் அண்ணே,

தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர். என்னிடம் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. குட்டியாக வாங்கி வளர்த்தது. இரண்டு மாதத்தில் நான் துபாய்க்குக் கிளம்புகிறேன், இரண்டு வருட வேலை. அப்பாவுக்கு முழங்கால் வலி, தண்ணீர் வாளி தூக்கக்கூட முடியாது. வித்துரு என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்காரியின் அண்ணன் மண்டபம் பக்கம் இருக்கிறார். "சும்மா என்கிட்ட விட்டுட்டுப் போங்க மாப்ள, அரியமான் கடற்கரையில சவாரி விட்டா அது தீவனத்தை அதுவே சம்பாதிச்சுக்கும், வந்ததும் ஓட்டிட்டுப் போங்க" என்கிறார். நல்ல மனுசன்தான், ஆனாலும் என்னவோ உறுத்துகிறது. எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பாரோ? லாரி ஹாரன் கேட்டால் கொஞ்சம் மிரளும், மற்றபடி சாது. என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

உறுத்தத்தான் செய்யும். நம் பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுவது எல்லோருக்கும் பழகின ஏற்பாடு, குட்டியில் விட்டவருக்கும் பங்கு, வளர்த்தவருக்கும் பங்கு, ஆடு நன்றாக இருந்தால் இரண்டு பேருக்கும் லாபம். குதிரையில் பங்கு பிரிக்க என்ன இருக்கிறது? பால் கிடையாது, கறி கிடையாது, அதன் உழைப்பு ஒன்றுதான். தீவனம் போடுகிறவர் போட்ட காசை அந்த உழைப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். லீவு நாளில் கடற்கரையில் கூட்டம் அலைமோதும்போது இன்னும் ஒரு சவாரி, இதோ இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு சவாரி என்று போய்க்கொண்டே இருக்கும். உங்கள் மச்சான் கெட்டவராக இருந்துதான் இது நடக்க வேண்டும் என்பதில்லை.

மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமான் குதிரை வணிகராக மதுரைக்கு வருகிறார் இல்லையா, அங்கே பாண்டியனிடம் குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுப்பார். கயிறு மாறியாயிற்று என்றால் அப்புறம் குதிரை ராஜா பாடு, விற்றவருக்கும் அதற்கும் பேச்சே இல்லை. ராத்திரி அத்தனையும் நரியாகி ஊளையிட்டு, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியது வேறு விஷயம், மாட்டிக்கொண்டவர் மந்திரிதான். (அவர் குதிரை வாங்கப் பணத்தோடு போய் நின்ற திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், நம் தொண்டிக்கு வடக்கே போனால் வந்துவிடும்.) நீங்கள் செய்யப்போவது கயிறு மாற்றாமல் குதிரையை மட்டும் மாற்றுவது. குதிரை மண்டபத்தில், அதற்கு முடிவு சொல்கிறவர் துபாயில். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலி வந்து அது படுத்துப் புரள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரைக் கூப்பிடுவதா, விடியட்டும் என்று பார்ப்பதா, எவ்வளவு செலவு வரைக்கும் போகலாம், யார் சொல்வது? அவர் செலவு செய்துவிட்டால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்பீர்கள், செய்யாமல் இருந்தால் உங்க குதிரைன்னா இப்படி விட்டிருப்பீங்களா என்பீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வயிற்றுவலியைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது குடல் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினாலோ, மணலில் முளைத்த புல்லை அது வேரோடு பிடுங்கித் தின்றாலோ, மணலும் கூடவே போய்க் குடலில் தங்கும். நாள்பட்டால் ஆளையே கொல்கிற வலி. அதனால் தீவனம் தொட்டியில்தான், தொட்டிக்குக் கீழேயும் ஒரு பழைய ரப்பர் விரிப்பு. மச்சான் வீட்டில் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அப்போது போட்ட லத்தியில் தரையைத் தொடாத மேல் உருண்டைகள் நாலைந்தை எடுத்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து அசையாமல் வையுங்கள். நார் மிதக்கும், மணல் அடியில் படியும். விரலை விட்டு நெருடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். படியவில்லை என்பதால் உள்ளே இல்லவே இல்லை என்று ஆகாது, ஆனால் படிந்தால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். தண்ணீரும் கவனம். கடற்கரைக் கிணறுகளில் பாதி உப்பு. பழகாத தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்கும், குடிக்காத குதிரைக்கு மலம் இறுகி மறுபடியும் அதே வயிற்றுவலி.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குகிறது, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாததால் பெரும்பாலும் செத்துப்போகிறது, ராஜாக்கள் வருசா வருசம் புதிதாக வாங்குகிறார்கள் என்று எழுதிவைத்தார். குதிரைக்குச் சோற்றோடு கறியும் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார், அதை நம்புவது உங்கள் விருப்பம்.

சரி, எழுதி வாங்குகிற விஷயம். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒரு பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது பற்றிய பகுதியைப் படித்தால், அதை எழுதினவர் யாரோ குதிரையை இரவல் கொடுத்து நொந்துபோனவராக இருப்பார் என்று தோன்றும், உதாரணத்துக்கு உதாரணம் குதிரைதான் வருகிறது. ஏறிச் சவாரி போக என்று வாடகைக்கு வாங்கிய குதிரையை வண்டியில் பூட்டினால், கொடுத்தவர் ஏற்பாட்டை அத்தோடு முடித்துக்கொள்ளலாம், இது 153ஆம் பிரிவு. தன் சவாரிக்கு மட்டும் என்று இரவல் வாங்கினவர் தன் வீட்டு ஆள் ஒருவரை ஏறவிட்டு, அவர் கவனமாக ஓட்டியும் தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபட்டால், நஷ்டஈடு வாங்கினவர் தலையில், இது 154. இது உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் பக்கம் திருவிழாவுக்குத் திருவிழா குதிரை வண்டிப் பந்தயம், ஒரு நாளைக்குக் கொடுங்க மாமா என்று எவனாவது வந்து நிற்பான், மச்சானால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாது. 159ஆம் பிரிவு, சும்மா கொடுத்த இரவலை, கெடு சொல்லியே கொடுத்திருந்தாலும், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்கிறது. ஆனால் உங்கள் இரண்டு வருடக் கெடுவை நம்பி அவர் சேணம் வாங்கி, கொட்டகை போட்டு, நடுவில் பிடுங்கிக்கொண்டதால் அதுவரை அடைந்த பலனைவிட அதிகமாக நஷ்டப்பட்டால், அந்த அதிகப்படியை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். குட்டி விஷயத்துக்கு மட்டும் சட்டம் பசுவுக்குத் தாவுகிறது: வேறு பேச்சு எதுவும் இல்லையென்றால், ஒப்படைத்த பசு போட்ட கன்றும் சொந்தக்காரருக்கே. உங்களுடையது பெட்டை, குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம், நீங்கள் போவதோ இரண்டு வருடம். இதைப் பேசாமல் விமானம் ஏறாதீர்கள்.

லாரி ஹாரனுக்கு மிரளும் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மச்சானிடம் சொன்னீர்களா? 150ஆம் பிரிவின் உதாரணமும் குதிரைதான், முரடு என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, அது தறிகெட்டு ஓடி ஏறினவர் விழுந்தால், கொடுத்தவர்தான் பொறுப்பு. சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கிற இடத்தில், முதுகில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். என்னைக் கேட்டால் சவாரிக்கே ஒத்துவராத குணம் அது.

மச்சான் மேல் நீங்கள் கேஸ் போடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், வீட்டில் அப்புறம் சோறு கிடைக்காது. ஆனாலும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சவாரி, பெரியவர்களை ஏற்றலாமா, மத்தியான வெயிலில் ஓய்வு உண்டா, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுகிற செலவு யாருடையது, தனுர்வாத ஊசி போட்டாயிற்றா, அவசரத்தில் உங்களைக் கேட்காமலே எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம், இதெல்லாம் வாயால் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும், தாளில் வந்துவிட்டால் ஒன்றும் தோன்றாது. தப்பாக நினைப்பார் என்று பயமாக இருந்தால் அப்பா கேட்கிறார் என்று சொல்லுங்கள். பெரியவர் பேரைச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொடுக்கிற அன்று நாலு பக்கமும், முதுகும் வயிற்றுப் பட்டி படுகிற இடமும் கிட்டத்தில் படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சேணம் ஆழமாக உரசிப் புண்ணான இடத்தில், ஆறின பிறகு பெரும்பாலும் வெள்ளை முடி முளைக்கும், பின்னால் வாக்குவாதம் வேண்டியதில்லை. கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்பதையும் அவர் போனில் ஏற்றிவிடுங்கள்.

இரண்டு மாதம் கையில் இருக்கிறது என்கிறீர்கள். கிளம்புகிற அன்று கொண்டுபோய்க் கட்டாமல் இப்போதே கொண்டுபோய் விடுங்கள், சவாரி இல்லாமல், வெறும் வளர்ப்புக்கு, ஒரு மாதம். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள், லத்தியைக் கரைத்துப் பாருங்கள், குளம்பைத் தூக்கிப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் அப்பா சொன்னபடி விற்றுவிடலாம், நல்ல கையாகப் பார்த்துக் கயிறு மாற்றிக் கொடுப்பதில் துரோகம் எதுவும் இல்லை.

சரிப்பட்டால், தயவுசெய்து சும்மா விடாதீர்கள். இரவல் கொடுத்தவனே காசும் கொடுப்பதா என்று தோன்றும். கொள்ளு, தவிடு, கடலைக்கொடிச் செலவையாவது மாதாமாதம் அங்கிருந்து அனுப்புங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கடற்கரையில் ஒரு ஆள் இருக்காது, குதிரை அப்போதும் தின்னும்.